1,35,000 ரூபாய் போச்சு: பிள்ளையின் கவுன்சலிங் லாகினை எந்தக் கன்சல்டன்சியிடமும் கொடுக்காதீர்கள்

அண்ணன் குடும்பத்திடம், மகளின் இன்ஜினியரிங் அட்மிஷனுக்கு என்று, 1,35,000 ரூபாய் வாங்கிய 'அட்மிஷன் கன்சல்டன்சி' நேற்று சாயங்காலத்திலிருந்து அவர் எண்ணை பிளாக் செய்து வைத்திருக்கிறது. கடையின் பெயரைப் போடப் போவதில்லை. போட்டால் அடுத்த மே மாதம் வேறு பெயரில் போர்டு மாட்டுவார்கள், அவ்வளவுதான். அடையாளம் எல்லா ஊரிலும் ஒன்றே: பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், மொபைல் கடைக்கு மேல் மாடி, கண்ணாடிக் கதவு, ஏசி, சுவர் முழுக்கக் கல்லூரிப் படங்கள். இன்ஜினியரிங், நர்சிங், பாராமெடிக்கல், வெளிநாட்டு எம்பிபிஎஸ் எல்லாம் ஒரே மேஜையில் கிடைக்கும்.

பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று மதியமே போன் வந்திருக்கிறது. "சார், பாப்பா மேத்ஸ் 88, பிசிக்ஸ் 82, கெமிஸ்ட்ரி 85. கட் ஆஃப் 171.5 வருது. வாழ்த்துகள் சார்." அண்ணன் நம்பியது அந்த நொடியில்தான். சித்தப்பா, மாமா, பக்கத்து வீடு என்று யாரிடமும் மார்க்கைச் சொல்லக் கூசிக்கொண்டு வீட்டில் எல்லோரும் போனைக் கவிழ்த்து வைத்திருக்கிற நாள் அது. அந்த நேரத்தில் ஒருவன் குறை சொல்லாமல் வாழ்த்துகிறான், மார்க்கையும் சரியாகச் சொல்கிறான். இவனுக்கு உள்ளே ஆள் இருக்கிறது என்றுதான் யாருக்கும் தோன்றும்.

உள்ளே ஆளும் இல்லை, மண்ணும் இல்லை. பதிவு எண்ணும் பிறந்த தேதியும் பள்ளியிலிருந்தோ டியூஷன் சென்டரிலிருந்தோ கசிந்தால் போதும், ரிசல்ட்டை யாரும் பார்க்கலாம். கட் ஆஃப் கணக்கும் ரகசியமில்லை. கணித மதிப்பெண் அப்படியே, இயற்பியலில் பாதி, வேதியியலில் பாதி, மொத்தம் 200-க்கு. 88, 41, 42.5. கூட்டினால் 171.5. இதைப் பிள்ளையே நோட்டில் போட்டு வைத்திருந்தாள்.

அடுத்த நாள் அண்ணனையும் அண்ணியையும் ஆபீஸுக்கு வரவழைத்துப் பயமுறுத்தியிருக்கிறார்கள். "171-க்குக் கவுன்சலிங்ல நல்ல காலேஜ்ல கம்ப்யூட்டர் சயின்ஸ் கனவுலகூட வராது சார். பிஸினஸுக்காகச் சொல்லல, எனக்கும் ஒரு பொண்ணு இருக்கு." அதனால் மேனேஜ்மென்ட் கோட்டாவில் ஒரு சீட்டை 'பிளாக்' செய்து வைக்க 1,00,000. அரசு ஆன்லைன் கவுன்சலிங்கில் சாய்ஸ் ஃபில்லிங் (விரும்பும் கல்லூரி, பாடப்பிரிவுகளை வரிசையாகக் கொடுப்பது) முதல் அட்மிஷன் வரை பார்த்துக்கொள்ள 35,000. கவுன்சலிங்கிலேயே கிடைத்துவிட்டால் அந்த ஒரு லட்சம் அப்படியே திரும்பி வருமாம். ஒரு லட்சம் ரொக்கமாக. 35,000 யாரோ ஒரு தனி ஆளின் எண்ணுக்கு ஜிபே. ரசீது என்று கொடுத்தது கடை ரப்பர் ஸ்டாம்ப் குத்திய ஒரு துண்டுச் சீட்டு. அதில் 'கல்வி ஆலோசனை' என்று மட்டும் இருக்கிறது, எந்தக் கல்லூரி, எந்தப் பாடப்பிரிவு, எதுவும் இல்லை.

சீட் பிளாக்கிங் என்ற ஒன்று அரசு நடைமுறையில் கிடையாது. சிறுபான்மை அல்லாத சுயநிதிக் கல்லூரி 65 சதவீத இடங்களையும், சிறுபான்மைக் கல்லூரி 50 சதவீதத்தையும் அரசு ஒற்றைச் சாளரக் கவுன்சலிங்குக்குக் கொடுக்கிறது. மீதிதான் மேனேஜ்மென்ட் கோட்டா. அதற்கும் கட்டண நிர்ணயக் குழு வைத்த உச்சவரம்பு உண்டு. 2017-ல் முடிவானபடி, என்பிஏ தர அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவுக்குக் கவுன்சலிங் இடத்தில் ஆண்டுக்கு 55,000, மேனேஜ்மென்ட் இடத்தில் 87,000. குழு வைத்த வரம்புக்கு மேல் எந்தப் பெயரில் வாங்கினாலும் 1992-லிருந்து இருக்கிற தமிழ்நாடு கேப்பிடேஷன் தடைச் சட்டத்தின்படி குற்றம். மேனேஜ்மென்ட் சீட்டே வேண்டும் என்றாலும் கல்லூரி அலுவலகத்துக்கு நேரே போய், கல்லூரிப் பெயரில் டிடியோ ஆன்லைனோ கட்டி, கல்லூரி ரசீது வாங்கலாம். நடுவில் ஒரு மாடிக் கடைக்கு என்ன வேலை?

இன்னொன்றையும் வாய் திறந்து சொல்லவில்லை. அண்ணன் வீட்டில் யாரும் பட்டம் வாங்கியதில்லை. முதல் பட்டதாரிக்கான கட்டணச் சலுகை கவுன்சலிங்கில் சேர்ந்தால்தான் கிடைக்கும், மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் கிடையாது. 'பிளாக்' செய்கிறேன் என்று இழுத்துப் போனது அந்தச் சலுகையே இல்லாத பக்கத்துக்கு.

ஆனால் உண்மையான திருட்டு பணத்தில் நடக்கவில்லை, லாகினில் நடந்தது. விண்ணப்பத்தை அவர்களே போட்டார்கள். 500 ரூபாய் பதிவுக் கட்டணத்தைக்கூட "நாங்களே கட்டிட்டோம் சார், இருக்கட்டும்" என்று பெருந்தன்மை காட்டினார்கள். மொபைல் எண், மின்னஞ்சல் என்ற இரண்டு கட்டத்திலும் போட்டது கடையின் எண்ணும் கடையின் மெயிலும். "ஓடிபி ராத்திரி பன்னெண்டு மணிக்குக்கூட வரும், நீங்க தூங்கிடுவீங்க, நாங்க பார்த்துக்கறோம்." அன்றிலிருந்து அந்த விண்ணப்பம் பிள்ளையுடையது இல்லை. பாஸ்வேர்டை மாற்றுவது, சாய்ஸ் லாக் செய்வது, கிடைத்த இடத்தை ஏற்பது என்று எல்லாவற்றுக்கும் ஓடிபி போவது பதிவான எண்ணுக்குத்தான்.

கட் ஆஃப் வரிசையில் ரவுண்டு ரவுண்டாகக் கூப்பிடுவார்கள், 171.5 என்றால் பெரும்பாலும் இரண்டாவது ரவுண்டு. சாய்ஸ் ஃபில்லிங்குக்கு இரண்டு மூன்று நாள்தான் திறந்திருக்கும். பிள்ளை அதற்காகவே ஒரு மாதம் உட்கார்ந்து பட்டியல் போட்டிருந்தாள். கல்லூரிக் கோடு, பாடப்பிரிவுக் கோடு, போன வருடம் பிசி பிரிவில் எந்த கட் ஆஃபில் முடிந்தது, வீட்டிலிருந்து பஸ் இருக்கிறதா, எல்லாம் பத்தி பத்தியாக. நாற்பதுக்கு மேல் சாய்ஸ். நல்ல பட்டியல், நானே பார்த்தேன். எட்டாத இடங்கள் மேலே, தன் கட் ஆஃபுக்கு அக்கம் பக்கத்தில் இருப்பவை நடுவில், நிச்சயம் கிடைப்பவை கீழே. அப்படித்தான் போட வேண்டும். சாய்ஸுக்கு எண்ணிக்கை வரம்பு கிடையாது. கம்ப்யூட்டர் மேலிருந்து கீழே படிக்கும், உங்கள் ரேங்க் வரும்போது எது முதலில் காலியாக இருக்கிறதோ அதைக் கொடுக்கும். மேலே பெரிய கல்லூரியைப் போட்டதால் கீழே உள்ளது பறிபோகாது. கடைக்காரன் அண்ணனிடம் சொன்னதோ நேர் எதிர்: "மேல எட்டாததைப் போட்டா சிஸ்டம் ரிஜெக்ட் பண்ணிடும் சார்." பச்சைப் பொய். நல்ல ராண்டம் நம்பர் வாங்கித் தருவதாகவும் ஒரு வசனம் இருந்திருக்கிறது. கட் ஆஃப் சமமாகி, பாட மதிப்பெண்கள், பிறந்த தேதி எல்லாம் பார்த்தும் தீராவிட்டால் மட்டும் எடுத்துப் பார்க்கிற எண் அது. அதை யாரும் வாங்கித் தர முடியாது.

அந்த நோட்டைக் கையில் வாங்கி, போட்டோ எடுத்து, "சூப்பர் பாப்பா, அப்படியே என்டர் பண்ணிடறோம்" என்றார்கள். உள்ளே ஏற்றியது மூன்றே சாய்ஸ். மூன்றும் ஒரே கல்லூரி. கம்ப்யூட்டர் சயின்ஸ், ஐடி, ஏஐ டேட்டா சயின்ஸ். பக்கத்து மாவட்டம், பிள்ளையின் பட்டியலில் கடைசிப் பக்கத்தில்கூட இல்லாத இடம். பட்டியலில் ஒரே கல்லூரி இருந்தால் அதுதானே கிடைக்கும்? இடம் நிரம்பாத கல்லூரிகள் தலைக்கு இவ்வளவு என்று ஏஜென்ட்டுக்குக் கமிஷன் கொடுக்கும். நம்மிடம் 1,35,000, அந்தப் பக்கம் கமிஷன், இரண்டு கையிலும் வரவு.

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் கடைசி வாய்ப்பு ஒன்று உண்டு. ஏற்றுச் சேர்கிறேன், ஏற்றுக்கொண்டு மேலே உள்ள சாய்ஸுக்குக் காத்திருக்கிறேன், இதை விட்டுவிட்டு மேலே மட்டும் காத்திருக்கிறேன், அடுத்த ரவுண்டுக்குப் போகிறேன், கவுன்சலிங்கே வேண்டாம் என்று ஐந்து விதமாகப் பதில் சொல்லலாம். பிள்ளைக்கு ஒதுக்கீடு வந்ததே தெரியாது. கடையில் உட்கார்ந்து 'ஏற்றுச் சேர்கிறேன்' அழுத்தி, ஓடிபி போட்டு, முடித்துவிட்டு, அதற்கப்புறம்தான் போன்: "கங்கிராட்ஸ் சார், கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைச்சிருச்சு!" அதை அழுத்திவிட்டால் குறிப்பிட்ட நாளுக்குள் கல்லூரியில் போய்க் கட்டணம் கட்டிச் சேர வேண்டும், சேராவிட்டால் இடம் ரத்து. ஒரு வருடம் போகுமே என்ற பயத்தில் பிள்ளையை அங்கேயே சேர்த்தாயிற்று. அவள் அழுதுகொண்டு போனதைப் பற்றி எழுதினால் இந்தப் பதிவு முடியாது.

சரி, கவுன்சலிங்கில் கிடைத்துவிட்டதே, பிளாக் பணம் 1,00,000 எங்கே? இங்கேதான் ஆட்டம் ஆரம்பம்.

"காலேஜ் அக்கவுண்ட்ஸுக்குப் போயிருச்சு சார், அங்கிருந்துதான் வரணும்." அந்தக் கல்லூரி அலுவலகத்தில் கேட்டால், இந்தப் பெயரில் எந்தப் பணமும் வரவில்லை, இப்படி ஒரு சீட்டே வைக்கவில்லை. "ஆடி முடியட்டும் சார், ஆடில மேனேஜ்மென்ட் பணத்தை வெளியே விடாது." ஆவணி பிறந்தது. "ஓனர் வெளியூர்." "ஆடிட்டிங்." "அந்தப் பையன் வேலையை விட்டுப் போயிட்டான், யார்கிட்ட கொடுத்தீங்களோ அவனைக் கேளுங்க." கடைசியில், "ஸ்டாம்ப் பேப்பர்ல எழுதி வாங்குனீங்களா சார்?"

இதற்கு நடுவில் பிள்ளையின் ஒரிஜினல் மார்க் ஷீட்டும் டிசியும் அவர்களிடம். 'வெரிஃபிகேஷனுக்கு' என்று முன்கூட்டியே வாங்கி பீரோவில் வைத்துக்கொண்டார்கள். மாணவரின் ஒரிஜினலைக் கல்லூரியே பிடித்து வைக்கக் கூடாது என்று உயர்கல்வியை ஒழுங்குபடுத்தும் அமைப்புகளான யுஜிசியும் ஏஐசிடிஇயும் சொல்லியிருக்கின்றன. ஒரு கடை எந்த உரிமையில் வைத்திருக்கும்? சேர வேண்டிய கடைசி நாளன்று, 'எனக்கு எந்தப் பாக்கியும் இல்லை' என்று ஒரு தாளில் அண்ணனிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் டிசியைக் கொடுத்தார்கள். அந்தத் தாளையும் சேர்த்துத்தான் புகார் கொடுத்திருக்கிறோம்.

போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தாயிற்று. புகாரைப் பெற்றதற்கான சிஎஸ்ஆர் ரசீது கையில் இருக்கிறது. அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் அங்கே வழக்குக் கட்டணம் இல்லை, ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம். ஜிபே விவரம், துண்டுச் சீட்டு, வாட்ஸாப் வாய்ஸ் மெசேஜ் எல்லாம் எடுத்து வைத்திருக்கிறோம். 1,35,000-ல் எவ்வளவு திரும்பும் என்று யாருக்கும் சொல்ல முடியாது.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கோபத்தில் கை ஓடவில்லை. அவசரமாகச் சில:

விண்ணப்பத்தில் அப்பா அல்லது அம்மாவின் மொபைல் எண் மட்டும். ஓடிபியை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள்.

கம்ப்யூட்டர் தெரியாதா, உங்கள் மாவட்ட கவுன்சலிங் உதவி மையத்துக்குப் போங்கள். பெரும்பாலும் அரசுப் பொறியியல் அல்லது பாலிடெக்னிக் கல்லூரியில் இருக்கும். விண்ணப்பம் போடவும் சாய்ஸ் கொடுக்கவும் உதவிக்குக் காசு வாங்க மாட்டார்கள்.

லாக் செய்த பிறகு சாய்ஸ் பட்டியலை நீங்களே லாகின் செய்து பிரின்ட் எடுங்கள். கடை கொடுக்கிற பிரின்ட்டை நம்பாதீர்கள். லாக் செய்ய மறந்தால் கடைசியாகச் சேமித்த பட்டியலே எடுத்துக்கொள்ளப்படும், அதனால் பாதியில் விடாதீர்கள்.

பிள்ளை போட்ட பட்டியலை ஒரு மணி நேரம் உட்கார்ந்து அவளோடு படியுங்கள். கடைக்காரனை விட அவளுக்குத் தெரியும்.

ஒரிஜினலைக் கொடுக்காதீர்கள். தனி ஆள் எண்ணுக்குப் பணம் போடாதீர்கள். ஏமாந்துவிட்டால் ஆன்லைனில் போன பணத்துக்கு உடனே 1930 (சைபர் குற்ற உதவி எண்), மற்றதற்கு 1915 (நுகர்வோர் உதவி எண்).

இப்போது ரவுண்டு போய்க்கொண்டிருக்கிற வீடுகளில், வேறு யாராவது விண்ணப்பம் போட்டுக் கொடுத்திருந்தால், இன்று ராத்திரியே லாகின் செய்து பதிவாகியிருக்கும் மொபைல் எண் யாருடையது என்று பாருங்கள். உங்களுடையது இல்லை என்றால் காலையில் முதல் வேலையாகப் பிள்ளையையும் ஆதாரையும் கூட்டிக்கொண்டு உதவி மையத்துக்குப் போய் நில்லுங்கள்.