“அவருக்குச் சொல்லாதேங்கோ டொக்டர்”: மாறாத நரம்பு வருத்தத்தைச் சொல்லும் மூன்று வழிகள்

தசைகளை இயக்கும் நரம்புகள் படிப்படியாக அழிகிற மோட்டோர் நியூரோன் வருத்தம் என்று முடிவானால், பெரும்பாலும் மகனைத்தான் வெளியே கூப்பிட்டுச் சொல்வார்கள். மகனும் அப்பாவிடம் மறைக்கச் சொல்வார். இப்படி மறைப்பது முதல் வழி. அது பாசம்தான், ஆனால் கெடுதல் செய்கிற பாசம். மண்வெட்டி கையிலிருந்து நழுவும்போது, தேத்தண்ணி புரையேறும்போது அப்பாவுக்கு உடம்பே சொல்லிவிடுகிறது. வயிற்றுக்கு நேரே உணவுக் குழாய் வைப்பதென்றால் மூச்சுத்திறன் பாதிக்குக் கீழே இறங்குமுன் வைப்பது நல்லது, அதற்கு அவருடைய சம்மதம் வேண்டும். அனுமதிப்பத்திரக் காணிக்குத் தன் பின் யார் என்று பிரதேச செயலகத்தில் பதியவும் பேச்சும் கையெழுத்தும் இருக்கும் காலமே வசதி. போரில் காணாமல் போனவர்களுக்காக ஆண்டுக்கணக்கில் பதில் கேட்டு நிற்கிற இந்த வடக்கு மண்ணில், “பாப்பம்” என்று இழுப்பது இன்னும் கொடுமை.

இரண்டாவது வழி, கிளினிக் நெரிசலில் ஐந்தே நிமிடத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிடுவது: பெயர், “மருந்தில்லை”, இரண்டு மூன்று வருசம். ஒளிவில்லைத்தான். ஆனால் “மருந்தில்லை” என்றதற்குப் பிறகு சொன்ன எதுவும் காதில் ஏறாது. அந்தச் சொல்லே பிழை. ரிலுசோல் என்ற மருந்து 50 மில்லிகிராம் இருவேளை, ஈரல் இரத்தப் பரிசோதனையோடு, ஆயுளைச் சில மாதங்கள் நீட்டும். எச்சில் வடிதல், தசைப்பிடிப்பு, இரவு மூச்சுத்திணறல் எல்லாவற்றுக்கும் செய்ய வழி உண்டு. வருசக் கணக்கும் சராசரிதான், சிலர் பத்து ஆண்டு தாண்டியும் இருக்கிறார்கள்.

மூன்றாவது, இரண்டு அமர்வாகச் சொல்வது. எங்கள் தெரிவு இதுதான். ஐரோப்பிய நரம்பியல் கூட்டமைப்பின் 2012 வழிகாட்டல் முதல் அமர்வுக்கு 45 முதல் 60 நிமிடம் கேட்கிறது, இரண்டு முதல் நான்கு கிழமைக்குள் மறுபடி பார்க்கச் சொல்கிறது. அன்றைய வரிசையில் அவரைக் கடைசியாக வையுங்கள். கதவைச் சாத்தி, ஃபோனை நிறுத்தி, மனைவியையும் பக்கத்தில் இருத்துங்கள். டொக்டருக்குத் தமிழ் வராவிட்டால் தாதி மொழிபெயர்க்கட்டும். பிள்ளை மொழிபெயர்த்தால் கனமான சொற்கள் நடுவழியில் விழுந்துவிடும். முதலில் கேள்வி: “ஐயா, இந்த வருத்தத்தைப் பற்றி எவ்வளவு தெரிஞ்சுகொள்ள விரும்புறியள்?” அவர் சொல்கிற அளவுக்குப் பெயரும் போக்கும். உடம்பில் போர்க்கால ஷெல் குண்டுத் துண்டு இருப்பவர் அதைத்தான் காரணம் என்று நினைத்திருப்பார், அதனால் வரவில்லை என்று தெளிவாகச் சொல்லுங்கள். பார்வை, காது கேட்பது, தொடு உணர்வு பொதுவாகப் போகாது என்பதையும் சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள். அழட்டும். குழாய், மூச்சு இயந்திரப் பேச்சை அடுத்த அமர்வுக்கு விடலாம், ஏற்கெனவே புரையேறினாலோ மூச்சு வாங்கினாலோ அன்றைக்கே தொடங்க வேண்டும்.

இதில் இடறுவது தூரம். முல்லைத்தீவிலிருந்து யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரிக்கு நூறு கிலோமீற்றருக்கு மேல், இரண்டு தரம் போனால் இரண்டு நாள் கூலி. இரண்டாம் அமர்வை மாவட்ட ஆஸ்பத்திரியிலேயே வைக்கலாம், நிபுணரின் கடிதம் சரியாக இருந்தால். “நோயாளிக்கு அறிவிக்கப்பட்டது” என்ற ஒற்றை வரி போதாது. எந்தச் சொல்லால் சொன்னோம், யார் கூட இருந்தார், அவர் என்ன கேட்டார், எதை இன்னும் சொல்லவில்லை: இந்த நாலும் கிளினிக் கொப்பியில் இருக்க வேண்டும்.