உதயகிரிக் கோட்டை: மானைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடாதீர்கள்

நாகர்கோவிலில் இருந்து திருவனந்தபுரம் போகிற ரோட்டில், தக்கலைக்கு முன்னால் புலியூர்க்குறிச்சியில் இருக்கிறது இந்தக் கோட்டை. ஆட்டோ அண்ணனிடம் கேட்டால் "பார்க்குதானே, பிள்ளைங்களக் கூட்டிட்டுப் போங்க" என்பார். வனத்துறையின் பல்லுயிர்ப் பூங்கா உள்ளேதான் இருக்கிறது, பிள்ளைகள் மானையும் மயிலையும் விட்டு நகர மாட்டார்கள், நிழலுக்கும் குறைவில்லை. ஆனால் முக்கால்வாசிப் பேர் அதோடு கிளம்பிவிடுவதுதான் எனக்கு ஆற்றாமை.

இன்னும் கொஞ்சம் உள்ளே நடந்தால் கூரை போய்ச் சுவர் மட்டும் நிற்கிற ஒரு சிற்றாலயம் வரும். டிலனாயின் கல்லறை அங்கேதான். 1741இல் குளச்சலில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படையிடம் தோற்றுச் சிறைப்பட்ட டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி, அதே மன்னரின் படைக்குப் பயிற்சி கொடுத்து, இந்தக் கோட்டையையும் திருத்திக் கட்டி, ஊராருக்கு 'வலிய கப்பித்தான்' (பெரிய கேப்டன்) ஆகி, 1777இல் இங்கேயே இறந்தார். பக்கத்திலேயே மனைவியும் மகனும். கல்லில் லத்தீனும் தமிழும் வெட்டியிருக்கிறார்கள். காலைச் சாய்வெயில் விழும்போது போனால் எழுத்து தெளிவாகத் தெரியும், உச்சி வெயிலில் எல்லாம் ஒரே வெளுப்பு. குனிந்து ஒவ்வொரு எழுத்தாகப் படியுங்கள், அவசரப்படாதீர்கள். தயவுசெய்து கல்லறை மேல் ஏறி உட்கார்ந்து போட்டோ எடுக்காதீர்கள், பார்க்கவே மனசு கஷ்டமாக இருக்கிறது.

என்னைக் கேட்டால் முதலில் குளச்சல் போய்க் கடற்கரையில் இருக்கிற வெற்றித் தூணைப் பார்த்துவிட்டு அப்புறம் இங்கே வாருங்கள். போர் நடந்த மண்ணில் நின்றுவிட்டு வந்தால்தான் தோற்றவருக்கு இங்கே கிடைத்த மரியாதை உறைக்கும். நேரம் இருந்தால் கோட்டாறு சவேரியார் பேராலயத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டிலனாய் வழியாகக் கிறிஸ்தவத்தை அறிந்து, 1745இல் ஞானஸ்நானம் பெற்று, 1752இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்ட தேவசகாயம் பிள்ளையின் கல்லறை அங்கே இருக்கிறது. 2022இல் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார்கள்.

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம், தக்கலைப் பக்கம் மரச்சீனிக் கிழங்கும் மீன் குழம்பும் எந்தச் சின்னக் கடையிலும் கிடைக்கும். பத்மநாபபுரம் அரண்மனையும் கூப்பிடு தூரம்தான். தமிழ்நாட்டு மண்ணில் இருந்தாலும் அது கேரள அரசின் பொறுப்பில் இருக்கிறது, திங்கட்கிழமை விடுமுறை. அதனால் வேறு எந்த நாளிலாவது கிளம்புங்கள்.