முதல் பெடல் ஸ்டீல் வாங்கறீங்களா? 3 பெடல், 4 முழங்கால் லீவர், அதுக்குக் கம்மியா வேணவே வேணாம்

பெடல் ஸ்டீல் கிட்டார் கத்துக்கணும்னு ஆசைப்பட்டு செகண்ட் ஹாண்ட்ல தேட ஆரம்பிச்சா முதல்ல கண்ல படறது ரெண்டு வகை. ஒண்ணு ஷோ-பட் மேவரிக் மாதிரி பழைய ஸ்டூடன்ட் மாடல், பாக்க அழகா இருக்கும், விலையும் மத்ததோட பாத்தா கம்மி. இன்னொண்ணு ரெண்டு நெக் வச்ச டி-10, எட்டு பெடல், அஞ்சு லீவர், வாங்கறதுதான் வாங்கறோம் பெருசாவே வாங்கிடலாமேன்னு தோண வைக்கும். முதல் கிட்டாரா ரெண்டுமே வேணாம்னுதான் நான் சொல்லுவேன். ஒரே நெக், பத்து ஸ்ட்ரிங், இ-9 ட்யூனிங், 3 பெடல், 4 முழங்கால் லீவர். இதை 3+4னு சொல்லுவாங்க. நான் வாசிக்கறது "ஸ்டேஜ் ஒன்"னு பேர் வச்ச ஒரு ஸ்டூடன்ட் மாடல், அதுவும் இந்த 3+4 தான், அதை வச்சுத்தான் இந்த ரிவ்யூ.

இது ஏன் இவ்ளோ முக்கியம்னா, மத்த கிட்டார்ல விரல் பண்ற வேலையை இதுல கால் பண்ணுது. இடது கையில உருண்டையான இரும்பு பார், அதை ஸ்ட்ரிங் மேல வச்சு நகத்தறோம், நம்ம கோட்டு வாத்தியம் பாத்தவங்களுக்கு இது உடனே புரியும். ஆனா பார் நேரா இருக்கறதால ஒரு இடத்துல ஒரு கார்டுதான் (ஒண்ணா சேந்து ஒலிக்கற ஸ்வரக் கூட்டம்) கிடைக்கும். அந்தக் கார்டை மாத்தறதுக்குத்தான் பெடலும் லீவரும். ஏ பெடலை மிதிச்சா 5, 10 ரெண்டு ஸ்ட்ரிங்கும் பி-ல இருந்து சி ஷார்ப்புக்கு ஏறும். பி பெடல் 3, 6 ரெண்டையும் ஜி ஷார்ப்ல இருந்து ஏ-வுக்கு ஏத்தும். பாரை 3வது ஃப்ரெட்ல வச்சு சும்மா மீட்டினா ஜி மேஜர், பாரை நகத்தாம ஏ, பி ரெண்டையும் சேத்து மிதிச்சா சி மேஜர். ஸ்ட்ரிங் அடங்கறதுக்குள்ள மிதிச்சா அந்த ஏத்தம் வழுக்கிட்டே போய் நிக்கும் பாருங்க, அதுக்காகத்தான் எல்லாரும் இந்த வாத்தியத்துகிட்ட வர்றோம். 1954ல பட் ஐசக்ஸ்னு ஒரு ஸ்டீல் கலைஞர் இப்படி ஸ்ட்ரிங் ஒலிக்கும்போதே பெடலை மிதிச்சு வாசிச்சது ரேடியோல ஹிட் ஆனதும், அமெரிக்காவுல கண்ட்ரி இசைக்குப் பேர்போன நாஷ்வில்ல இருந்த ஸ்டீல்காரங்க அத்தனை பேரும் தங்க கிட்டார்ல பெடல் மாட்ட ஓடினாங்க.

இப்ப லீவர் கதை. இ ஸ்ட்ரிங் ரெண்டையும் (4, 8) எஃப்-க்கு ஏத்தற லீவர் ஒண்ணு, இ ஃப்ளாட்டுக்கு இறக்கற லீவர் ஒண்ணு, இந்த ரெண்டும் இல்லாம இ-9 கத்துக்கறது ரொம்பக் கஷ்டம். அதே ஜி மேஜர் 6வது ஃப்ரெட்ல ஏ பெடல் கூட அந்த எஃப் லீவரைத் தள்ளினா கிடைக்கும், 10வது ஃப்ரெட்ல ஏ, பி சேத்து மிதிச்சா கிடைக்கும். 3, 6, 10, இந்த மூணு இடம்தான் கழுத்து முழுக்க நடமாடறதுக்கு வழி. இறக்கற லீவரோட பி பெடலையும் சேத்தா, 3வது ஃப்ரெட்லயே டி செவன்த் வந்துடும். மேவரிக்ல பெரும்பாலும் ஒரே ஒரு லீவர்தான் வரும், அதனால யார் பாடம் எடுத்தாலும், எந்த டேப் (எந்த ஸ்ட்ரிங், எந்த ஃப்ரெட்னு எழுதி வச்ச குறிப்பு) எடுத்தாலும், பாதியில "இது நம்மகிட்ட இல்லையே"ன்னு நிக்க வேண்டியிருக்கும். நல்ல மெக்கானிக் கையில குடுத்து லீவர் சேக்கலாம்தான், ஆனா அந்தக் காசையும் கூட்டிப் பாத்தீங்கன்னா 3+4வே வாங்கியிருக்கலாம்.

டி-10 வேணாம்னு சொல்றதுக்குக் காரணம் வேற. பின்னாடி இருக்கற சி-6 நெக் ஸ்விங், ஜாஸ் வாசிக்கறவங்களுக்கு பெரிய சொத்து, அதை நான் குறைச்சு சொல்ல மாட்டேன். ஆனா ஆரம்பத்துல அதைத் தொடவே நேரம் இருக்காது, கேஸோட சேத்து 30 கிலோவைத் தாண்டற சாமானை மாடி ஏத்தி இறக்கணும், ட்யூன் பண்ண வேண்டியதும் ரெட்டிப்பு.

ஸ்டேஜ் ஒன் விஷயத்துக்கு வரேன். கறுப்பு லாமினேட் உடம்பு, அலங்காரம் எதுவும் கிடையாது, மேப்பிள் மரம் மினுமினுக்கற எம்மன்ஸ் கம்பெனி கிட்டார் பக்கத்துல வச்சா சாதாரணமா தெரியும். ஆனா திருப்பிப் போட்டு அடியில பாருங்க. பெடல்ல இருந்து வர்ற ராட், குறுக்குத் தண்டு, அதுல இருந்து ஒவ்வொரு ஸ்ட்ரிங்குக்கும் போற புல் ராட், கடைசியில வெள்ளை நைலான் நட்டு, எல்லாம் தெளிவா கண்ணுக்குத் தெரியற மாதிரி இருக்கு. வாத்தியத்தைப் புரிஞ்சுக்கறதுக்கு இது பெரிய உதவி. பெடலை மிதிச்சு விட்டா ஸ்ட்ரிங் பழைய சுருதிக்கே திரும்பி வருது, முதல் கிட்டார்ல நான் எதிர்பாக்கறதே இதைத்தான். பெடல் ரொம்ப இறுக்கமாவும் இல்ல, தொளதொளன்னும் இல்ல, ஏ-வையும் பி-யையும் ஒரே பாதத்தால சாய்ச்சு மிதிக்கறது சீக்கிரமே பழகிடுது. குறைன்னு சொன்னா, நாளைக்கு உங்க இஷ்டத்துக்கு பெடல் மாத்தணும், கூடுதல் லீவர் வேணும்னு வந்தா ப்ரோ மாடல் அளவுக்கு இதுல இடம் கிடையாது. இதே வரிசையில ஜிஎஃப்ஐ எஸ்எம்-10, இப்ப உற்பத்தி இல்லாத கார்ட்டர் ஸ்டார்ட்டர் ரெண்டும் செகண்ட் ஹாண்ட்ல வரும், 3+4 இருந்து நல்ல கண்டிஷன்ல இருந்தா தயங்க வேணாம்.

பெடல் வரிசையையும் கேட்டுக்குங்க. இடது பக்கத்துல இருந்து ஏ, பி, சி-ன்னு வந்தா எம்மன்ஸ் செட்டப், சி, பி, ஏ-ன்னு வந்தா டே செட்டப், பட்டி எம்மன்ஸ், ஜிம்மி டேன்னு ரெண்டு ஸ்டீல் வித்வான்கள் வாசிச்ச விதத்துல வந்த பேரு. ரெண்டுலயும் மகா வித்வான்கள் இருக்காங்க, ஆனா பாடங்கள்ல பெரும்பாலும் எம்மன்ஸ் செட்டப்தான் காட்டுவாங்க, அதனால உங்க குருநாதர் டே செட்டப்காரரா இருந்தா ஒழிய எம்மன்ஸே எடுங்க.

ட்யூனிங் பத்தி யாரும் முன்கூட்டி சொல்றதில்ல, நான் சொல்லிடறேன். எலக்ட்ரானிக் ட்யூனர்ல எல்லா ஸ்ட்ரிங்கையும் முள்ளு நடுவுல நிக்கற மாதிரி வச்சீங்கன்னா ஏ பெடலும் எஃப் லீவரும் சேந்த கார்டு காதுக்குக் கசக்கும். ஜி ஷார்ப் ஸ்ட்ரிங்கை பத்து சென்ட்டுக்கும் (சென்ட்னா அரை ஸ்வரத்துல நூறுல ஒரு பங்கு) அதிகமா இறக்கி வைக்கறது வழக்கம், ஜெஃப் நியூமன்னு பெரிய ஆசிரியர் இதுக்குன்னே சார்ட் போட்டுக் குடுத்துருக்கார், அதைப் பிரிண்ட் எடுத்து ஒட்டி வச்சுக்குங்க. முதல்ல பெடல் மிதிக்காம மேல சாவியில ட்யூன் பண்ணணும், அப்புறம் மிதிச்சுட்டு அந்த நைலான் நட்டுல. இந்த வரிசை மாறினா மறுபடி முதல்ல இருந்துதான். 3வது ஸ்ட்ரிங் .011, அதுதான் அடிக்கடி அறுந்து போகும், தனியா நாலஞ்சு வாங்கி வச்சுக்குங்க.

கிட்டார் விலையோட கணக்கு முடியாது. வால்யூம் பெடல் கண்டிப்பா வேணும், வலது கால் முழு நேரமும் அதுலதான், ஸ்ட்ரிங் அடங்க அடங்க பெடலை ஏத்தித்தான் அந்த நீண்ட ஒலி வருது. பொட் (ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கற சுழல் பாகம்) வச்ச குட்ரிச் கம்பெனி பெடல் வாங்கலாம், பொட் தேஞ்சா மாத்திக்கலாம். பார் 7/8 இன்ச் கனம் எடுங்க, பிளாஸ்டிக் கட்டைவிரல் பிக் ஒண்ணு, உலோக விரல் பிக் ரெண்டு. ஆம்ப் சுத்தமான ஒலி குடுத்தா போதும், பழைய பீவி நாஷ்வில் 112 கிடைச்சா வீட்டுக்கும் மேடைக்கும் சேத்து வேலை முடிஞ்சுது.

விக்கறவர்கிட்ட போட்டோவை நம்பாம வீடியோ கேளுங்க. ட்யூனரை மாட்டி ஒவ்வொரு பெடலையும் லீவரையும் மிதிச்சு விட்டு முள்ளு எங்க திரும்பி வந்து நிக்குதுன்னு காட்டச் சொல்லுங்க. பெடல் மிதிக்கும்போது சம்பந்தமில்லாத ஸ்ட்ரிங் கொஞ்சம் இறங்கும், உடம்பு வளையறதால வர்றது, எல்லா ஸ்டீல்லயும் ஓரளவு இருக்கும், ஆனா மீட்டும்போதே காதுல விழற அளவுக்கு இருந்தா விட்டுடுங்க. ரொம்ப நாள் கேஸுக்குள்ளயே இருந்த கிட்டார்ல சேஞ்சர்ல (ஸ்ட்ரிங்கை இழுத்து சுருதி மாத்தற பாகம்) எண்ணெய் பிசினா இறுகியிருக்கும், சுருதி திரும்பாததுக்கு பல சமயம் அதுதான் காரணம், சுத்தம் பண்ணினா சரியாயிடும், அதைச் சொல்லி விலையைக் குறைக்கலாம். நாலு காலும், பெடல் ராட் அத்தனையும், கேஸும் இருக்கான்னு எண்ணிப் பாத்துட்டு அப்புறம் காசை எடுங்க, ஏன்னா பழைய மாடலுக்கு ஒரு ராட் தொலைஞ்சா கடையில கேட்டு வாங்க முடியாது, யாராவது செஞ்சுதான் தரணும்.