டீப் கிளீனிங்குக்கு ஆள் கூப்பிடும் முன் அவர்கள் கொண்டுவரும் கேன்களைப் பாருங்கள்

பொங்கலுக்கு வீடு கழுவ ஆள் தேடுகிற நேரம் இது. எங்கள் வீட்டில் நடந்ததைத் தெரிந்துகொண்டு அப்புறம் யாரை வேண்டுமானாலும் கூப்பிடுங்கள்.

விளம்பரத்தில் பார்த்து ஒரு துப்புரவு நிறுவனத்துக்குப் போன் செய்தோம். இரண்டு படுக்கையறை வீடு, ₹6,500, முழுப் பணமும் முன்கூட்டியே. "பிராண்டட் கெமிக்கல்தான் மேடம், குழந்தைகள் இருக்கிற வீட்டுக்கும் சேஃப்" என்று வாட்ஸப்பில் எழுத்து மூலமாகவே சொன்னார்கள். வந்தது இரண்டு பையன்கள், ஒரு வாளி, பழைய கூல்டிரிங்ஸ் பாட்டில்களில் மூன்று திரவங்கள், ஒரு பாலிதீன் பையில் வெள்ளைத் தூள். எதிலும் லேபிள் இல்லை. கையுறை, மாஸ்க் எதுவும் கிடையாது. என்ன இதெல்லாம் என்று கேட்டால், "கம்பெனி கொடுத்து அனுப்பினது மேடம்" என்பதற்கு மேல் அவர்களுக்கே தெரியவில்லை.

பாத்ரூமில் ஒரு பையன் முதல் பாட்டிலைத் தரையில் ஊற்றினான். மொசைக் சுர்ரென்று நுரைத்தது. அது ஆசிட். கறை விடாத ஒரு மூலையில், ஈரம் காயும் முன்பே, பையிலிருந்த தூளை ஒரு கை அள்ளிப் போட்டுக் குத்துக்காலிட்டுத் தேய்க்க ஆரம்பித்தான். அது பிளீச்சிங் பவுடர். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. நீச்சல்குளத்து நெடி பல மடங்காகி ஹாலுக்கு வந்தது. பையன் கண்ணைத் திறக்க முடியாமல் இருமிக்கொண்டே வெளியே வந்தான். பக்கத்து அறையில் இருந்த என் மாமியாருக்கு ஏற்கெனவே இளைப்பு உண்டு. அவரைக் கைத்தாங்கலாக மொட்டைமாடிக்குக் கூட்டிப்போய், அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போனோம், அந்தப் பையனையும் சேர்த்துத்தான். நெபுலைசர் வைத்தார்கள். சாயங்காலம் வரை விடவில்லை. நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வது சில மணி நேரம் கழித்துக்கூட வரலாமாம்.

ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் வருவது குளோரின். முதல் உலகப் போரில் பதுங்குகுழிகளில் இருந்தவர்கள் மேல் திறந்துவிட்ட அதே வாயு. காற்றைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு கனம் என்பதால் தரையோடு தேங்கும், கதவுக்கு அடியில் இருக்கிற இடுக்கு வழியாக அடுத்த அறைக்கு நகரும். குனிந்து தரை தேய்ப்பவரின் முகம் அதற்குள்ளேயேதான் இருக்கும். கடையில் வாங்குகிற டாய்லெட் கிளீனர்களில் பெரும்பாலும் ஆசிட் உண்டு. ஆகவே அதோடு பிளீச் சேர்ந்தாலும் இதே கதைதான். வினிகர், எலுமிச்சைச் சாறுகூட பிளீச்சோடு சேரக்கூடாது. அம்மோனியா உள்ள கண்ணாடி கிளீனர் சேர்ந்தால் குளோரமின் என்ற வேறொரு நச்சு வாயு வரும். ஸ்பிரிட்டோடும் பிளீச் ஆகாது. சமையல் சோடாவும் வினிகரும் சேர்த்தால் ஆபத்து இல்லை, ஆனால் ஒன்றை ஒன்று முறித்துக்கொண்டு கடைசியில் கிட்டத்தட்ட உப்புத் தண்ணீர்தான் மிஞ்சும். யூடியூபில் பொங்குவதைப் பார்த்து ஏமாறாதீர்கள். நெடி வந்துவிட்டால் கழுவிவிடலாம் என்று திரும்ப உள்ளே போகாதீர்கள். எல்லோரும் வெளியே வந்து 108-ஐக் கூப்பிடுங்கள்.

இத்தோடு முடியவில்லை. ஜன்னல் கம்பியில் இருந்த பெயின்ட் கறைக்கு என்று இன்னொரு பாட்டிலை, மூடி திறந்தபடி, சமையலறையில் கேஸ் அடுப்புக்குப் பக்கத்திலேயே விட்டிருந்தார்கள். மண்ணெண்ணெயில் பெட்ரோல் கலந்தது என்று இரண்டாவது பையன் அப்புறம் சொன்னான். மண்ணெண்ணெய் தனியாக இருந்தால் சாதாரண வெயிலில் சட்டென்று பற்றிக்கொள்ளாது. அதன் ஆவி தீப்பிடிக்க சுமார் 38 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். பெட்ரோலுக்கு மைனஸ் 40 டிகிரியிலேயே அது நடந்துவிடும். கொஞ்சம் பெட்ரோல் கலந்தாலே போதும், மண்ணெண்ணெய் என்று நம்பிக் கையாள்வது பெட்ரோலைப் போல நடந்துகொள்ளும். அந்த ஆவியும் தரையோடுதான் ஓடும். எங்கள் பூஜை அலமாரி சமையலறையிலேயே, கீழ்த்தட்டில். அன்றைக்கு வெள்ளிக்கிழமை, விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வேறென்ன சொல்ல? பெட்ரோல் வாடை அடித்தால் ஃபேன் சுவிட்சைக்கூடத் தொடாமல், கேஸ் கசிவுக்குச் செய்வதைப் போலவே ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

மறுநாள் போனில் மேலாளர் சொன்ன பதில்: "கெமிக்கல்னா வாசனை வரத்தான் செய்யும் மேடம். பசங்க புதுசு." ஆஸ்பத்திரிச் செலவைக் கேட்டதற்கு, அடுத்த முறைக்கு இருபது சதவீதத் தள்ளுபடி தருகிறார்களாம்! குழாயின் குரோம் பூச்சு கறுத்துப் புள்ளி விழுந்துவிட்டது, மொசைக்கின் பளபளப்பு போனது போனதுதான். எனக்கு அதைவிடக் கோபம், அந்தப் பையனின் மருந்துச் செலவுக்குக்கூட அவர்கள் ஒரு பைசா தரவில்லை என்பதில். என்ன ஊற்றுகிறோம் என்றே தெரியாதவனை வெறும் கையோடு அனுப்பியது அவர்கள்தானே.

இன்னொன்று. 2013-ல் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவுக்குப் பிறகு, சில்லறையில் ஆசிட் விற்பவர் வாங்குகிறவரின் அடையாள அட்டையைப் பார்த்து விவரத்தைப் பதிந்து வைக்க வேண்டும். பதினெட்டு வயது ஆகாதவர்களுக்கு விற்கவே கூடாது. கூல்டிரிங்ஸ் பாட்டிலில் வரும் ஆசிட் இந்த வழியில் வந்ததா என்று யோசித்துக்கொள்ளுங்கள். தெருவில் வண்டியில் வைத்து விற்கிற பாட்டில்களுக்கும் இதேதான்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்த பிறகு பாதிப் பணம் திரும்பி வந்தது. மீதிக்கும் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகப் போகிறேன். செலுத்திய தொகை ஐந்து லட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். "சேஃப்" என்று அவர்கள் அனுப்பிய வாட்ஸப் மெசேஜ், பில், லேபிள் இல்லாத பாட்டில்களின் போட்டோ மூன்றும் கையில் இருக்கின்றன. இதே போல மாட்டியவர்கள் யாராவது இருந்தால் பாட்டில்களைத் தூக்கிப் போடுவதற்கு முன் போட்டோ எடுத்துவிடுங்கள்.