வட்டுக்கோட்டையா, வண்ணார்பண்ணையா?

எங்கள் யாழ்ப்பாணத்து வீட்டில் பொங்கலுக்குச் சொந்தம் கூடினால் ஒரு வாக்குவாதம் நிச்சயம்: அந்தக் காலத்தில் படிப்பில் முந்தியது வட்டுக்கோட்டை மிஷனா, வண்ணார்பண்ணைச் சைவப் பள்ளியா? அம்மா பக்கத்து மாமாமார் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். பெரியப்பாமார் சைவப் பள்ளிக்கூடம். "உங்களுக்கு எழுத்தறிவித்ததே பாதிரிமார்தான்" என்பார் மாமா. "சோறு போட்டு மதம் மாற்றின ஆக்கள்" என்பார் பெரியப்பா. இரண்டிலும் பாதிதான் உண்மை.

முதலில் மாமாவுக்கு. 1816-இல் அமெரிக்க மிஷன் யாழ்ப்பாணம் வருவதற்கு முன்பே இங்கே திண்ணைப் பள்ளிக்கூடம் இருந்தது. மணலில் விரலால் எழுதி, பிறகு ஓலைக்கு மாறி, ஆத்திசூடி, நிகண்டு, எண்சுவடி எல்லாவற்றையும் மனனம் செய்யும் படிப்பு. சென்னையில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்ட ஆண்ட்ரூ பெல் பாதிரியார் அதைத் தன் அநாதைப் பள்ளியில் புகுத்தினார். மூத்த பிள்ளைகளைக் கொண்டே இளையவர்களுக்குப் படிப்பித்து, 'மெட்ராஸ் முறை' என்று இங்கிலாந்தில் பரப்பினார். நம்முடைய மணல் கப்பலேறிப் போன கதை அது.

ஆனால் திண்ணையில் கிடைக்காத ஒன்று வட்டுக்கோட்டையில் கிடைத்தது. 1823-இல் டானியல் பூர் பாதிரியார் தலைமையில் அமெரிக்க மிஷன் அங்கே தொடங்கிய செமினரி என்ற உயர்கல்விக்கூடத்தில் வேதாகமத்தோடு கணிதம், வானியல், ஆங்கிலம், தமிழ், சமஸ்கிருதம் எல்லாம் பாடம். உண்டி உறைவிடம் இலவசம். அமெரிக்காவில் காசு கொடுத்தவரின் பெயரைப் பிள்ளைக்குச் சூட்டும் வழக்கமும் இருந்தது. கரோல் விசுவநாதபிள்ளை என்ற பெயரில் இருக்கும் 'கரோல்' அப்படி வந்ததுதான். அங்கே படித்த அவரும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள். இதே தாமோதரம்பிள்ளைதான் 1887-இல் கலித்தொகையைப் பதிப்பித்தார். மிஷன் படிப்பு தமிழை அழித்தது என்று பெரியப்பா சொல்லும்போது நான் எடுத்துப் போடும் துருப்பு இதுதான்.

வண்ணார்பண்ணைக்கு வருவோம். ஆறுமுக நாவலர் மெதடிஸ்த மிஷன் பள்ளியில் படித்து, அங்கேயே படிப்பித்து, பேர்சிவல் பாதிரியாரின் வேதாகம மொழிபெயர்ப்புக்கும் கைகொடுத்தவர். 1848-இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியபோது அவர் திண்ணைக்குத் திரும்பிப் போகவில்லை. எதிராளியின் ஆயுதங்களையே எடுத்துக்கொண்டார்: வகுப்பு, அச்சகம், படிமுறையான பாடநூல். அவருடைய பாலபாடங்களைப் பாருங்கள். செய்யுளை மனனம் செய்த பிள்ளை முதன்முறையாக எளிய உரைநடையை வாசிக்கிறது. தமிழ் வசனத்தில் நிறுத்தக்குறிகளைப் பரவலாக்கியதிலும் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. படிப்பித்தல் முறையாக மட்டும் பார்த்தால், என் கணிப்பில், இந்தப் புத்தகங்கள் செமினரி தந்த எதற்கும் குறைந்தவை அல்ல.

யாருக்குக் கதவு திறந்தது என்று கேட்டால் மிஷன்தான் முன்னுக்கு. 1824-இலேயே உடுவிலில் பெண் பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி. சாதி விஷயத்தில் நாவலரை நான் காப்பாற்றப் போவதில்லை. அவர் அந்த ஒழுங்கை ஏற்று நடந்தவர். செமினரியிலும் பெரும்பாலானோர் வெள்ளாளர்தான் என்பதை மாமாவும் மறக்கக்கூடாது.

உண்மையான சண்டை மொழியில்தான் இருந்தது. அதிலே வேடிக்கை என்னவென்றால், மிஷனுக்கு உள்ளேயே அடிபட்டார்கள். 1855-இல் அமெரிக்காவிலிருந்து வந்த தூதுக்குழு, ஆங்கிலம் படித்தவர்கள் மத ஊழியத்துக்கு வராமல் உத்தியோகத்துக்குப் போகிறார்களே, சுதேச மொழியே போதும் என்று செமினரியை மூடவைத்தது. மானிப்பாயில் அதே மிஷனைச் சேர்ந்த கிறீன் வைத்தியர் 1860-களில் மருத்துவப் படிப்பையே தமிழுக்கு மாற்றினார். படித்தவன் ஊரோடு இருக்கவேண்டும் என்பதும் அவருடைய எண்ணம். கொள்கையளவில் எனக்கு மிகவும் பிடித்தவர் அவர்தான்.

ஆனால் பெற்றோருக்கு வேறு கணக்கு. 'கோழி மேய்ச்சாலும் கோறணமேந்திலை (அரசாங்கத்தில்) மேய்க்கோணும்' என்ற ஊரில் ஆங்கிலம் இல்லாத படிப்பு விலைபோகுமா? 1872-ஐப் பாருங்கள். செமினரி மூடிய இடத்தில் யாழ்ப்பாணக் கல்லூரி அந்த ஆண்டு எழுந்தது. அதே ஆண்டில் நாவலரும் ஆங்கிலம் படிப்பிக்கும் சைவப் பள்ளியாகச் சைவாங்கில வித்தியாசாலையைத் தொடங்கினார். பணமில்லாமல் அது சில ஆண்டுகளில் நின்றுபோனது; அந்த ஆசையைப் பிறகு யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி நிறைவேற்றியது. இரண்டு பக்கமும் கடைசியில் பெற்றோர் காட்டிய வாசலுக்கே வந்து நின்றார்கள்.

சரி, 1850-இல் எனக்கொரு மகன் இருந்திருந்தால்? கணக்குக்கும் வானியலுக்கும் வட்டுக்கோட்டைக்கு அனுப்பி, பின்னேரம் வீட்டில் பாலபாடம் வாசிக்கவைத்திருப்பேன். மகள் என்றால் உடுவில். போன பொங்கலுக்கு இதைச் சொன்னதும் மாமாவும் பெரியப்பாவும் முதல்தடவையாக ஒரே பக்கம் சேர்ந்தார்கள், என்னைத் திட்ட.