ரயில்ல போய் கப்பல் ஏறுறது: ஆர்லாண்டோ டு மயாமி, ரெண்டு வருஷ அனுபவம்

அமெரிக்காவுல ஃபிளோரிடா மாநிலத்துல மயாமிலேர்ந்து ஓடுற தனியார் ரயில் பிரைட்லைன், 2023 செப்டம்பர் 22 அன்னிக்குத்தான் ஆர்லாண்டோ ஏர்போர்ட் வரைக்கும் ஓட ஆரம்பிச்சது. நாங்க ஆர்லாண்டோல இருக்கோம், வீட்ல எல்லாருக்கும் கப்பல் பயணம்னா உசுரு. அந்த வருஷ நவம்பர்லேர்ந்து இன்னி வரைக்கும் இருபது தடவைக்கு மேல இந்த ரயில்ல போய்ட்டு வந்தாச்சு, அதுல ஆறு தடவை கப்பல் ஏறுறதுக்காகவே போனது. ஊர்லேர்ந்து அப்பா அம்மாவ கூட்டிட்டு வர்றவங்க நிறைய பேரு "ரயில்லயே போய் குரூஸ் ஏறிரலாமா, கார் வேணாமா"ன்னு கேக்குறாங்க. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்றதுக்குப் பதிலா மொத்தமா எழுதிர்றேன்.

முதல்ல வேகம். விளம்பரத்துல மணிக்கு 125 மைல்னு பாத்திருப்பீங்க, அதாவது 200 கிலோமீட்டர். அது உண்மைதான், ஆனா முழு தூரத்துக்கும் இல்ல. ஆர்லாண்டோலேர்ந்து கடலோரம் இருக்குற கோக்கோங்கிற ஊர் வரைக்கும் ஒரு 40 மைல், அது புதுசா போட்ட பாதை, அங்க மட்டும்தான் 125. கோக்கோலேர்ந்து வெஸ்ட் பாம் பீச் வரைக்கும் 110. அதுக்கு அப்புறம் மயாமி வரைக்கும் 79 மைல்தான். மொத்தம் 235 மைல், மூணரை மணி நேரம் கிட்ட ஆகுது, சராசரி போட்டா 67 மைல் வருது. ரோடு காலியா இருந்தா கார்லயும் ஏறக்குறைய அதே நேரம்தான், அதனால நேரம் மிச்சமாகும்னு நெனச்சு யாரும் டிக்கெட் எடுக்காதீங்க. நான் எடுக்குறது வேற காரணத்துக்கு. அம்மாவுக்கு முட்டி வலி, கார்ல மூணரை மணி நேரம் காலை மடக்கி உக்கார முடியாது. ரயில்ல எந்திரிச்சு நடக்கலாம், பாத்ரூம் பெருசா இருக்கு, பிளாட்பாரமும் பெட்டியும் ஒரே மட்டத்துல இருக்கு, வீல்சேர அப்படியே தள்ளிட்டு உள்ள போயிரலாம். இந்த ஒண்ணுக்காகவே நான் ரயில விடமாட்டேன்.

ஏன் மூணு துண்டா வேகம்னா, முக்கியமா லெவல் கிராசிங்னால. கோக்கோக்குத் தெற்க இருக்குறது, மயாமிக்கு 1896ல ஹென்றி ஃபிளாக்லர்ங்கிற ரயில் முதலாளி கொண்டு வந்த பழைய ஃபிளோரிடா ஈஸ்ட் கோஸ்ட் பாதைதான், ரயில் வந்த பிறகுதான் ஊரே அதைச் சுத்தி வளந்துச்சு, அதனால ஊருக்கு நடுவுல தெருவுக்குத் தெரு கேட். அமெரிக்க விதிப்படி 110 வரைக்கும்தான் சாதாரண கேட் வச்சுக்கலாம், அதுக்கு மேல 125 வரைக்கும்னா வண்டி எதுவும் உள்ள பூராம தடுக்குற பெரிய தடுப்பு வேணும், அதையும் தாண்டினா கிராசிங்கே இருக்கக் கூடாது. கோக்கோ ஆர்லாண்டோ பாதையில கிராசிங்கே இல்லாம எல்லாத்தையும் பாலமா கட்டிட்டாங்க, அதான் அங்க மட்டும் அந்த ஓட்டம். இன்னொண்ணு, ஸ்டூவர்ட் ஊர்ல செயின்ட் லூசி ஆத்துப் பாலம் இன்னும் ஒத்தை லைன்தான். படகு போறதுக்குத் தூக்குற பாலமும் அதுவே. ஃபோர்ட் லாடர்டேல்ல நியூ ரிவர் மேலயும் தூக்குப் பாலம் இருக்கு. நம்ம பாம்பன் பாலத்துல கப்பல் போகட்டும்னு ரயில் காத்து நின்ன கதை தெரிஞ்சவங்களுக்கு இது புதுசா இருக்காது.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். ஃபிளோரிடால பெரிய கப்பல் துறைமுகம் மூணு: மயாமி, ஃபோர்ட் லாடர்டேல்ல இருக்குற போர்ட் எவர்கிளேட்ஸ், அப்புறம் எங்க ஆர்லாண்டோக்காரங்களோட போர்ட் கனாவெரல். மூணையும் ரயில வச்சுப் பாத்தாச்சு.

மயாமிதான் இருக்குறதுலயே சுலபம். மயாமிசென்ட்ரல் ஸ்டேஷன் நடு டவுன்டவுன்ல இருக்கு, துறைமுகம் டாட்ஜ் தீவுல, இடையில ரெண்டு மைல் கூட இல்ல. ஊபர்ல பத்து நிமிஷம். ஆனா சனி ஞாயிறு அஞ்சாறு கப்பல் ஒண்ணா நிக்கிற காலையில அந்தப் பத்து நிமிஷம் நாப்பது நிமிஷம் ஆனதையும் பாத்துட்டேன், ஏன்னா டவுன்டவுன்லேர்ந்து தீவுக்குள்ள போறதுக்கு ஒரே பாலம். 2014ல திறந்த சுரங்கப் பாதை ஒண்ணு இருக்கு, ஆனா அது வாட்சன் தீவுப் பக்கத்துலேர்ந்து வர்றது, ஸ்டேஷன்லேர்ந்து போறவங்களுக்குச் சுத்து. டவுன்டவுனுக்குள்ள இலவசமா ஓடுற மெட்ரோமூவர்ங்கிற குட்டி ரயில் ஸ்டேஷன்கிட்டயே இருக்கு, அது துறைமுகத்துக்குப் போகாது, பெட்டியோட அதுல ஏறி பேசைட் வரைக்கும் போய் அங்கேர்ந்து பாலத்துல நடக்கலாம்னு யாராவது சொன்னா வெயில்ல பெரியவங்கள வச்சுட்டு அதைச் செய்யாதீங்க. டிரைவர்கிட்ட கப்பல் பேரு சொல்லாதீங்க, டெர்மினல் எழுத்தைச் சொல்லுங்க, ஏ, பி, எஃப், வி இப்படி. தீவுக்குள்ள தப்பான டெர்மினல்ல இறங்கிட்டா திரும்ப வண்டி பிடிக்கிறது பெரும்பாடு.

எனக்கு மனசு ஆறாத விஷயம் ஒண்ணு இருக்கு. அந்தத் தீவுக்கு தண்டவாளம் இருக்கு. சரக்கு ரயில் போகுது, கன்டெய்னர் எல்லாம் கப்பல் பக்கத்துலயே இறங்கி ஏறுது. வருஷத்துக்கு 80 லட்சம் பேருக்கு மேல வந்து போற துறைமுகம், மனுஷங்களுக்கு மட்டும் ரயில் கிடையாது. வீல்சேர்ல அம்மாவ வச்சுட்டு ஊபருக்காக ரோட்டோரம் நிக்கும்போதெல்லாம் இது ஞாபகம் வரும்.

போர்ட் எவர்கிளேட்ஸ் பத்தி பெருசா சொல்ல ஒண்ணுமில்ல. ஃபோர்ட் லாடர்டேல் ஸ்டேஷன்லேர்ந்து நாலு மைல் மாதிரி, நெரிசல் கம்மி. மயாமி, எவர்கிளேட்ஸ் ரெண்டுலேர்ந்தும் ஒரே மாதிரி பயணம் இருந்தா நான் எவர்கிளேட்ஸ்தான் எடுப்பேன், ரயில்லயும் அரை மணி நேரம் குறையும்.

போர்ட் கனாவெரல்தான் வயித்தெரிச்சல். ரயில் கோக்கோ வழியாத்தான் போகுதுன்னு சொன்னேன்ல, அந்தக் கோக்கோதான் இந்தப் பாதையில கனாவெரல் துறைமுகத்துக்கு ரொம்பக் கிட்ட இருக்குற இடம், ஆத்தைத் தாண்டினா கார்ல கால் மணி நேரம். அங்க ஸ்டேஷன் இல்ல. ரயில் அந்த இடத்துல வளைஞ்சு மேற்க திரும்பி, 528 நெடுஞ்சாலை ஓரமாவே 125 மைல் வேகத்துல ஆர்லாண்டோக்கு ஓடிருது. இப்ப மயாமிலேர்ந்து கனாவெரலுக்கு வர்ற ஒருத்தர நெனச்சுப் பாருங்க. துறைமுகத்துக்குக் கிட்ட வந்து, அதை விட்டு 40 மைல் தள்ளிப் போய், ஏர்போர்ட்ல இறங்கி, ஒரு வேன் பிடிச்சு, அதே 528 ரோட்டுல டோல் கட்டிட்டு 45 மைல் திரும்பி வரணும். போன வருஷம் ஃபோர்ட் லாடர்டேல்ல இருக்குற மச்சான் குடும்பம் எங்களோட கனாவெரல்ல கப்பல் ஏற வந்தப்ப இதைத்தான் செஞ்சாங்க. நாங்களும் அவங்களோட ஏர்போர்ட்ல சேர்ந்துக்கிட்டோம், ஒரே வேன்ல போயிரலாம்னு. முன்பணம் கட்டி வச்ச வேன் எழுபது நிமிஷம் லேட், போன் எடுக்கல, பேரு வேண்டாம். மச்சான் பொண்ணு எட்டு வயசு, ரயில்ல வரும்போது மேப்ல கோக்கோவ பாத்துட்டு "மாமா, கப்பல் இங்கதான இருக்கு, நாங்க ஏன் இறங்கலை"ன்னு என்கிட்ட கேட்டா. எனக்கு அவளுக்குச் சொல்ல பதில் இல்ல. கோக்கோல ஸ்டேஷன் வரணும்னு வருஷக்கணக்கா பேச்சு ஓடிட்டிருக்கு. வந்தா மத்தவங்களுக்கு எப்படியோ, கப்பல் ஏறுறவங்களுக்கு இன்னும் பதினஞ்சு மைல் வேகத்தைக் கூட்டுறத விட அது ஆயிரம் மடங்கு பெருசு. அந்த 40 மைல ரயில் இருபது நிமிஷத்துல தாண்டுது, சரி, ஆனா தாண்டிப் போற இடத்துலதான நாங்க இறங்கணும்?

இதுக்கு நேர் எதிரா மேற்குக் கரையில இருக்குற டாம்பா துறைமுகம். ஆர்லாண்டோலேர்ந்து டாம்பாக்கு பிரைட்லைன் இல்ல, அரசு ரயிலான ஆம்ட்ராக்தான், நாளுக்கு ஒரு வண்டி, முன்னாடி சில்வர் ஸ்டார்னு ஓடினது, 2024 நவம்பர்லேர்ந்து ஃபிளோரிடியன்னு சிகாகோ வரைக்கும் போகுது. கார்ல ஒன்றரை மணி நேரத்துல போற ஊருக்கு ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆகும், நிதானமா ஆடி அசைஞ்சு போகும். ஆனா டாம்பா யூனியன் ஸ்டேஷன்ல இறங்கினா கப்பல் டெர்மினல் ஒரு மைல்தான்! அங்க ரொம்ப உயரமான கப்பல் வராது, கடல்ல இருந்து உள்ள வர்ற வழியில சன்ஷைன் ஸ்கைவே பாலம் இருக்கு, அதுக்குக் கீழ 180 அடி கிட்டதான் இடைவெளி. சின்னக் கப்பல் போதும்னு இருக்குறவங்களுக்கு டாம்பா நல்ல வழி.

அப்பா போன வருஷம் வந்தப்ப நடந்ததையும் சொல்லிர்றேன். அப்பாவுக்கு ராமநாதபுரம் பக்கம், 1963ல அவருக்கு பத்து வயசு. அவங்க பெரியப்பா கொழும்புல கடை வச்சிருந்தாராம், அவரை வழியனுப்ப தாத்தாவோட தனுஷ்கோடி வரைக்கும் போட் மெயில்ல போயிருக்காரு. ரயில விட்டு இறங்கி, மூட்டையத் தலையில வச்சு, அப்படியே நடந்து போய் தலைமன்னார் கப்பல்ல ஏறிட்டாங்களாம். மயாமில ஊபருக்கு நின்னப்ப அப்பா கேட்டாரு, "ஏப்பா, இவ்வளவு பெரிய நாடு, கப்பல் பக்கத்துல ரயில் போகாதா?" நான் சொன்னேன், போச்சுப்பா, இதே ஃபிளாக்லர் கம்பெனி பாதைதான், 1912ல கடலுக்கு மேல பாலம் பாலமா போட்டு கீ வெஸ்ட் தீவு வரைக்கும் கொண்டு போனாங்க, ரயில விட்டு இறங்குனா ஹவானா போற கப்பல் ரெடியா நிக்கும்னு. அப்புறம் என்னாச்சுன்னாரு. 1935ல புயல்ல போயிருச்சுன்னேன், ஆளுங்களக் காப்பாத்தப் போன ரயிலையே அலை புரட்டிப் போட்ருச்சு, அதுக்கு அப்புறம் ரயில் பாதைய திரும்பப் போடல, அந்தப் பாலத்து மேல ரோடு போட்டுட்டாங்க. அப்பா ரொம்ப நேரம் பேசல. 1964 டிசம்பர்ல தனுஷ்கோடி பாசஞ்சர் வண்டி ஆளோட போனது அவருக்கு அப்ப பதினோரு வயசுல நடந்தது. "அங்கயும் இங்கயும் கடல் ஒரே மாதிரிதான் எடுத்துக்கிருக்கு"ன்னு மட்டும் சொன்னாரு, ஊபர் வந்துருச்சு.

சரி, இனி போறவங்களுக்கு. கப்பல் கிளம்புற நாள் காலையில ஆர்லாண்டோலேர்ந்து ரயில் ஏறவே ஏறாதீங்க. ஒரு தடவை நாங்க ஏறினோம், நாலு மணிக் கப்பலுக்கு ஏழு மணி வண்டி, தாராளமா நேரம் இருக்குன்னுதான். வழியில எங்களுக்கு முன்னாடி ஒரு கிராசிங்ல லாரி ஒண்ணு தண்டவாளத்துல மாட்டிக்கிச்சு, போலீஸ் வந்து எடுக்குற வரைக்கும் ரெண்டு மணி நேரம் கிட்ட நின்னோம், ரயில்காரங்க தண்ணி குடுத்து நல்லாதான் கவனிச்சாங்க, ஆனா அம்மா கந்த சஷ்டி கவசம் சொல்லிட்டே வந்தாங்க. கப்பல் கிளம்புறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே பயணிகள் லிஸ்ட் அமெரிக்க அதிகாரிங்ககிட்ட போயிரணும், அதனால அதுக்கும் முன்னாடியே செக்கின் மூடிருவாங்க, கெஞ்சினாலும் நடக்காது. நாங்க இருபத்தஞ்சு நிமிஷத்துல தப்பிச்சோம். அன்னிலேர்ந்து முந்தின நாளே போய் மயாமில ஒரு ராத்திரி தங்கிடுறோம், ஓட்டல் செலவு கூடத்தான், ஆனா காலையில இட்லி மாவு கவலை இல்லாம நிம்மதியா எந்திரிக்கலாம்.

திரும்பி வரும்போது இந்தப் பயமே வேணாம். கப்பல் காலையில ஆறு ஆறரைக்கெல்லாம் கரைக்கு வந்துரும், பெட்டிய நாமளே தூக்கிட்டு இறங்குறதா இருந்தா எட்டு மணிக்குள்ள வெளிய வந்துரலாம், பத்து மணி வாக்குல வண்டி பிடிக்கலாம், ஒரு மணி நேரத்துக்கு ஒண்ணு மாதிரி இருக்கு. ரயில்ல பெரும்பாலும் சாண்ட்விச், நொறுக்குத்தீனி மாதிரிதான் கிடைக்கும், சைவம் சாப்பிடுறவங்க புளிசாதம் கட்டிட்டுப் போங்க. பெரிய பெட்டிக்குத் தனி காசு, டிக்கெட் எடுக்கும்போதே பெட்டியையும் சேத்துப் போட்டுருங்க. ஆர்லாண்டோ ஏர்போர்ட்ல ரயில் நிக்கிறது சி டெர்மினல்ல, ஏ பி டெர்மினல்ல விமானம் இருக்குறவங்க ஏர்போர்ட் டிரெயின்ல மாறணும், அதுக்கு இருபது நிமிஷம் வச்சுக்கங்க.

வடக்க வரும்போது வலது பக்க சீட்டா பாத்து எடுங்க. மெல்போர்ன் பக்கம் அங்கங்க இந்தியன் ரிவர் தெரியும், காலை வெயில்ல தண்ணி பளபளன்னு இருக்கும். அப்பா வர்ற ஜனவரில மறுபடியும் வர்றாரு, இந்தத் தடவை கப்பல் வேணாமாம், கார் எடுத்துட்டு கீ வெஸ்ட் வரைக்கும் போகணுமாம், கடலுக்குள்ள இன்னும் நிக்கிற அந்தப் பழைய ரயில் பாலத்தைப் பாக்கணுமாம். மயாமி வரைக்கும் ரயில்ல டிக்கெட் போட்டாச்சு.