சப்மரைனர்: பட்டையைக் கழற்றிப் பார்த்தபோது

நீரில் மூழ்குவோருக்கான டைவ் கடிகாரத்தின் தரத்தை டயலை மட்டும் பார்த்து முடிவு செய்பவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. பட்டையைக் கழற்றுங்கள், பிறகு பேசலாம். ரோலெக்ஸ் சப்மரைனரின் 2020ஆம் ஆண்டு வடிவத்தில் நான் முதலில் தடவிப் பார்த்தது, பட்டை பொருந்தும் கொம்புகளின் உட்புறத்தை. யார் கண்ணிலும் படாத அந்த இடத்திலும் விளிம்பு விரலைக் கீறவில்லை. டயலைச் சுற்றியுள்ள மேல்வளையம் ஒரே திசையில், 120 சொடுக்குகளில் சுற்றுகிறது, ஆட்டமே இல்லை. பட்டையின் கொக்கிதான் உச்சம். கருவி எதுவுமின்றி, 2 மி.மீ. படிகளில் ஏறத்தாழ 20 மி.மீ. வரை நீள்கிறது. வெப்பத்தில் மணிக்கட்டு உப்பினாலும் கவலையில்லை.

பட்டை மாற்றும்போதுதான் கணக்கு இடிக்கிறது. முந்தைய, 40 மி.மீ. விட்டமுள்ள வடிவத்தில் கொம்பு இடைவெளி 20 மி.மீ.; இதில் 21. பழைய ரப்பர் பட்டையைப் போட்டால் பக்கவாட்டில் ஆடும். கொம்பில் வெளித்துளையும் கிடையாது. பட்டையைப் பிடித்திருக்கும் ஸ்பிரிங் கம்பியை உள்ளிருந்துதான் நெம்ப வேண்டும். கொம்புகளில் டேப் ஒட்டாமல் கருவியைத் தொடாதீர்கள். நைலான் பட்டை என்றால் 20 மி.மீ. அளவே போதும், இடைவெளி அவ்வளவாக உறுத்தாது. தோல் பட்டையா? 300 மீட்டர் ஆழம் தாங்கும் கடிகாரத்துக்கு அது வீண் அலங்காரம்.